அத்தியாயம் 7: வலுவான அணிகளோடு ஆட்டம் பிடிப்பது

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், துவாக்குடி என எந்தப் பகுதியில் இருந்தாலும் சிறிய கல்லூரியின் கால்பந்து அணிக்குச் சிக்கல் ஒன்றுதான். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி நாக் அவுட் முறையில் நடந்தால், முதல் சுற்றில் பெரிய கல்லூரி ஒன்றோடு மோத நேர்ந்த சிறிய அணிக்கு அந்த ஆண்டு ஒரே ஆட்டத்தில் முடிந்துபோகும். மற்ற மாலைகளில் பையன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். அதே ஸ்டாப்பர், அதே ஃபார்வர்டு. யார் எந்தக் காலால் திரும்புவான் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அப்படியே பழகியவர்கள் வேகமான அணி எதிரே வந்ததும் முதல் இருபது நிமிடத்திலேயே நிலைகுலைந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது திறமைக் குறைவால் வருவதில்லை, பழக்கமின்மையால் வருகிறது.

அந்தப் பழக்கத்தைத் தரும் ஆட்டங்களை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, என்ன நிபந்தனையில் ஆடுவது, பையன்களைப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். உடற்கல்வி இயக்குநர் இல்லாத கல்லூரிகளும் உண்டு. அங்கே அணித் தலைவரும், பொறுப்பேற்றுக்கொண்ட ஒரு பேராசிரியரும் சேர்ந்தே இதைச் செய்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு விதி

2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. அது முடிந்த கையோடு, அதில் ஆடிய பையன்களை மையமாக வைத்து இந்தியன் ஆரோஸ் என்ற அணியை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ-லீக்கில் இறக்கியது. எதிரே நின்றவர்கள் சம்பளத்துக்கு ஆடும் பெரியவர்களும் வெளிநாட்டு வீரர்களும். முதல் ஆட்டத்தில் பையன்கள் சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள். ஆனாலும் சீசன் முடிவில் 10 அணிகளில் கடைசி இடம்தான் கிடைத்தது. அந்த அணியில் ஆடிய ஜீக்சன் சிங், சுரேஷ் சிங் வாங்ஜம், அன்வர் அலி ஆகியோர் பிறகு சீனியர் தேசிய அணிக்கே வந்து சேர்ந்தார்கள்.

கடைசி இடத்தில் முடித்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவதில்லை என்று அந்த அணிக்குத் தொடக்கத்திலேயே விலக்கு கொடுத்திருந்தார்கள். தோல்விக்கு விலை இல்லாததால் தைரியமாக ஆட முடிந்தது. அதோடு, ஒரு சீசனில் 18 ஆட்டங்கள் கிடைத்தன. நீங்கள் பிடிக்கும் கடினமான ஆட்டங்களும் இப்படியே இருக்கட்டும்: தோற்றால் கோப்பையோ தகுதியோ கைவிட்டுப் போகக் கூடாது, ஒன்றோடு நின்றுவிடவும் கூடாது.

படி 1: உங்கள் அணியை நேர்மையாக எடைபோடுங்கள்

ஒரு நோட்டில் கடைசி ஆறு ஆட்டங்களின் முடிவை எழுதுங்கள். எத்தனை கோல் வாங்கினோம், எந்த நிமிடத்தில் வாங்கினோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகள்:

1. சம பலமுள்ள அணியோடு கடைசி 15 நிமிடம் தாக்குப்பிடிக்க முடிகிறதா? கோல்கள் பெரும்பாலும் கடைசியில்தான் விழுகின்றன என்றால் உங்களுக்கு இப்போது தேவை ஓட்டப் பயிற்சி. பெரிய அணி ஆறு வாரம் கழித்து வரட்டும்.
2. இரண்டாவது கோல் கீப்பர் இருக்கிறாரா? இல்லையென்றால் கடினமான ஆட்டம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கீப்பர் அடிபட்டால் பழக்கமில்லாத ஒருவரைக் கோலில் நிறுத்த வேண்டி வரும். அது ஆபத்து.
3. ஆடத் தகுதியான 16 பேராவது இருக்கிறார்களா? இறுதியாண்டு மாணவர்களில் புராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ என்று போகிறவர்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

படி 2: ஏணி போடுங்கள்

எதிரணிகளை நான்கு படிகளாகப் பிரித்து எழுதுங்கள். நேராக உச்சிப் படிக்குத் தாவுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு.

முதல் படியில் உங்களையொத்த அக்கம்பக்கத்துக் கல்லூரிகள்.

இரண்டாம் படியில் திருச்சியிலேயே உள்ள பெரிய நிறுவனங்கள். 1844-இல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1919-இல் தொடங்கிய தேசியக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, பிஷப் ஹீபர், துவாக்குடி என்.ஐ.டி. போன்றவற்றில் மாணவர் எண்ணிக்கையும் அதிகம், மைதானமும் சொந்தம். எந்த ஆண்டு எந்த அணி வலுவாக இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அவர்கள் பயிற்சி செய்யும் மாலையில் ஒரு நாள் போய் ஓரத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் படியில் மாணவரல்லாத பெரியவர்களின் அணிகள். பொன்மலை ரயில்வே பணிமனை, பெல், காவல்துறை என்று விளையாட்டுக்கு இடமுள்ள வேலையிடங்கள் திருச்சியில் பல. மாவட்ட லீக்கில் ஆடும் கிளப்புகளும் உண்டு. இந்த ஆண்டு யாருக்கு அணி இருக்கிறது என்பதை மாவட்டக் கால்பந்துக் கழகத்திலும், அண்ணா விளையாட்டரங்கில் காலையில் பயிற்சிக்கு வருகிறவர்களிடமும் விசாரியுங்கள். சிறிய கல்லூரி அணிக்கு மிகவும் பயன்தரும் படி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். முப்பது வயது ஆட்டக்காரர் உங்கள் பையனைவிட வேகமாக ஓட மாட்டார். ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது உடம்பைக் கொடுக்க வேண்டும், எப்போது பந்தை வெளியே அடித்துவிட்டு மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பயணச் செலவும் கிடையாது.

நான்காம் படியில் வெளியூர். சென்னை, கோயம்புத்தூர், நெய்வேலி ஆகிய ஊர்களில் நல்ல அணிகள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துக் கடலோர ஊர்கள் சந்தோஷ் டிராபிக்குத் தமிழ்நாட்டு வீரர்கள் பலரைத் தந்தவை. அந்தப் பையன்களோடு ஒருமுறை ஆடிப் பார்க்காமல் கல்லூரிக் காலத்தை முடித்துவிட வேண்டாம். கேரளப் பக்கம் போக விரும்பினால் பாலக்காட்டில் தொடங்குங்கள். திருச்சியிலிருந்து நேராக ரயில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்ற கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ்தான் பாலக்காட்டுக் கல்லூரிகள் வருகின்றன. அந்த மட்டத்து ஆட்டத்தை அங்கேயே பார்த்துவிடலாம்.

எத்தனை ஆட்டம், எந்த வரிசையில்?

ஒரு சீசனுக்குப் பத்துப் பயிற்சி ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சம பலமுள்ள அணிகளோடு. மூன்று ஒரு படி மேலே. ஒன்று இரண்டு படி மேலே. மீதி ஒன்று உங்களைவிட இளைய அணியோடு. அதில் வெளியே உட்கார்ந்திருக்கும் பையன்களை முழு நேரமும் இறக்குங்கள்.

ஒரு படி மேலே என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்போம் என்று நீங்கள் கணிக்கும் அணிதான் அது. ஆறு கோல் வாங்குவோம் என்று தோன்றினால் இந்த ஆண்டு வேண்டாம். பந்தே கிடைக்காமல் துரத்திக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் தடுப்பு ஆட்டக்காரர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்வார்கள். முன்னால் நிற்கிற நால்வர் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

கடினமான ஆட்டங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இடையில் சம பலத்து ஆட்டம் ஒன்று வர வேண்டும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே குறைந்தது 72 மணி நேர ஓய்வு வேண்டும்.

குறிப்பு: மிகப் பெரிய அணி சம்மதித்துவிட்டது, ஆனால் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? 90 நிமிடத்தை மூன்று 30 நிமிடமாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் பகுதியில் அவர்களுடைய இரண்டாம் அணி, நடுவில் முதல் அணி, கடைசியில் இரு தரப்பையும் கலந்து பிரித்து ஓர் ஆட்டம். கடைசி அரை மணியில் உங்கள் பையன் அவர்களுடைய நல்ல ஆட்டக்காரனின் பக்கத்திலேயே நின்று ஆடுவான். அதில் கிடைக்கும் பாடம் அதிகம்.

படி 3: நாள் பார்ப்பது

பல்கலைக்கழகத்தின் போட்டி அட்டவணைச் சுற்றறிக்கையைக் கையில் வாங்காமல் எந்தத் தேதியும் கொடுக்காதீர்கள். அது வந்ததும் பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் முதல் சுற்று எந்த வாரமோ அதற்கு முந்தைய பத்து நாளில் கடினமான ஆட்டம் கூடாது. மூன்று வாரத்துக்கு முன்னால் கடைசிக் கடினமான ஆட்டம். ஐந்து வாரத்துக்கு முன்னால் அதற்கு முந்தையது.

இந்த ஊருக்கென்று சில கணக்குகள் உண்டு.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஆனால் ஆடிக் காற்று இருக்கிறது. மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றில், கிழக்கு மேற்காக அமைந்த மைதானத்தில் ஒரு பாதி முழுக்கக் காற்றை எதிர்த்து ஆட வேண்டும். டாஸ் வென்றால் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எதிர்க்காற்றில் உயரப் பந்து வேண்டாம் என்பதைப் பயிற்சியிலேயே பழக்கிவிடுங்கள்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் செமஸ்டர் தேர்வும் சேர்ந்துகொள்ளும். இந்தக் காலத்தில் ஒப்புக்கொள்ளும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மாற்றுத் தேதி முன்பே பேசி வைத்திருங்கள்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஸ்ரீரங்கத்துக்கு வெளியூர் அணியை அழைக்காதீர்கள். பகல் பத்து, இராப்பத்து நாள்களில் தங்க அறை கிடைக்காது, பேருந்தும் உள்ளே வராது. சித்திரையில் சமயபுரம் தேர்த் திருவிழாவின்போது பாதயாத்திரைக் கூட்டம் சாலையை நிறைத்திருக்கும். வடக்கே போகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி முடியப் பொன்னான காலம். வெளியூர்ப் பயணத்தை அதில் வையுங்கள். மார்ச் முதல் திருச்சி வெயிலில் மாலை நாலரைக்கு முன் ஆட்டம் தொடங்கவே கூடாது.

படி 4: கேட்பது

பலரும் தடுக்கி விழும் இடம் இது. நமக்கு அவர்கள் தேவை. அவர்களுக்கு நாம் எதற்கு? இதற்குப் பதில் தெரியாமல் போனை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்று சொல்லும் வேறொரு விளையாட்டில், பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்துச் சிறிய கல்லூரிகளைத் தங்கள் மைதானத்துக்கு வரவழைக்கும் வழக்கம் உண்டு. எளிதாக ஒரு வெற்றி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2007 செப்டம்பர் 1 அன்று அப்படி வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, மிச்சிகன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வென்றுவிட்டது. நம் ஊரில் யாரும் பணம் தந்து அழைக்கப் போவதில்லை. ஆனால் பெரிய அணிக்கும் சில தேவைகள் உண்டு. அவர்களிடம் 25 பேர் இருப்பார்கள், அதில் 12 பேருக்கு ஆட வாய்ப்பே கிடைக்காது. பெரிய டோர்னமென்ட்டுக்கு ஒரு வாரம் முன்னால், அடிபடாமல் கால் பழக ஓர் ஆட்டம் தேவைப்படும். பத்துப் பேரும் பின்னால் நின்று தடுக்கும் அணியை எப்படி உடைப்பது என்று பழகவும் ஓர் எதிரணி வேண்டும். இந்த மூன்றையும் நீங்கள் கொடுக்கலாம். அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"சார், வணக்கம். ஸ்ரீரங்கத்துலேருந்து பேசறேன் சார். எங்க காலேஜ் ஃபுட்பால் டீம் கேப்டன். ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?"

"சொல்லுப்பா."

"ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் உங்க பசங்களோட ஒரு பிராக்டீஸ் மேட்ச் ஆடணும் சார். உங்க கிரவுண்டுக்கே வந்துடறோம். ரெஃப்ரி ஃபீஸ் நாங்க பாத்துக்கறோம்."

"உங்க டீம் எப்படிப்பா? எங்க பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்குமா?"

"டிஃபென்ஸ் டைட்டா ஆடுவோம் சார். ரெண்டு விங்கும் நல்ல ஸ்பீடு. மேட்ச் கிடைக்காம உக்காந்திருக்கற பசங்களை இறக்கினாலும் எங்களுக்குச் சந்தோஷம் சார்."

"சரி, உங்க பி.டி. சாரை ஒரு லெட்டர் போடச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்."

கடிதம் அன்றைக்கே போக வேண்டும். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், முதல்வர் கையெழுத்தோடு, ஒரு பக்கத்துக்கு மிகாமல்:

*மதிப்பிற்குரிய உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி தங்கள் அணியோடு நட்பு முறையில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆட விரும்புகிறது. (மூன்று தேதிகள்) ஆகிய நாள்களில் தங்களுக்கு உகந்த ஒன்றைத் தெரிவிக்க வேண்டுகிறோம். 18 மாணவர்களும் பொறுப்பாசிரியர்கள் இருவரும் வருவோம். நடுவர் கட்டணம், எங்கள் குடிநீர், முதலுதவி ஆகியவற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அடுத்த பருவத்தில் எங்கள் மைதானத்தில் தங்கள் அணியை வரவேற்கக் காத்திருக்கிறோம்.*

மூன்று தேதிகள் கொடுப்பது முக்கியம். ஒரே தேதி கொடுத்தால் இல்லை என்று சொல்வது எளிது. ஒரு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிட்டு அடுத்த அணியைக் கேளுங்கள். சம்மதித்த ஆட்டத்தை நீங்கள் ஒருநாளும் ரத்து செய்யக் கூடாது. 11 பேர் தேறாவிட்டாலும் போய், கலந்து பிரித்தாவது ஆடிவிட்டு வாருங்கள். உடற்கல்வி இயக்குநர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்கள். வராமல் ஏமாற்றிய கல்லூரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அடுத்த ஆண்டும் போகாது.

படி 5: நிபந்தனைகளை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்

1. ஆட்ட நேரம்: 45 நிமிடம் இரண்டு பாதியா, 35 நிமிடமா?
2. மாற்று ஆட்டக்காரர்கள்: நட்பு ஆட்டத்தில் எத்தனை பேர் என்பதை இரு அணிகளும் பேசி, தொடங்குமுன் நடுவரிடம் சொல்லிவிட்டால் போதும், விதி அனுமதிக்கிறது. எட்டுப் பேராவது கேளுங்கள்.
3. நடுவர்: அனுபவமுள்ள வெளியாள் ஒருவர் கட்டாயம். இரு கல்லூரிச் சீனியர்களில் ஒருவர் விசில் பிடித்தால் கடைசியில் வாக்குவாதத்தில்தான் முடியும்.
4. ஜெர்சி நிறம். இரண்டு அணியும் நீலத்தில் வந்து நின்ற பிறகு யோசிக்கக் கூடாது.
5. ஓ.டி.: ஆட்ட நாளன்று வருகைப் பதிவுக்கான கடிதத்தை நான்கு நாள் முன்பே துறைத் தலைவர்களிடம் கொடுங்கள். ஆட்டத்துக்குப் போனதால் வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் போன பையன் அப்புறம் மைதானத்துக்கு வரவே மாட்டான். அவன் அம்மா அப்பா விடமாட்டார்கள்.

படி 6: வெளியூர்ப் பயணம்

ரயிலில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் என்பதால் 20 பேருக்கு நான்கு டிக்கெட். எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கத்திலும் நிற்கும். ஆனால் இரவு முழுக்க ரயிலில் வந்த பையன்களைக் காலையில் ஆட வைக்காதீர்கள். அன்று மாலை ஆட்டம் என்றால் சரி. வேன் பிடித்தால், ஆட்டம் முடிந்த இரவே ஓட்டுநரை விரட்டித் திரும்ப வேண்டாம். களைத்த ஓட்டுநர் எந்தத் தோல்வியையும்விடப் பெரிய ஆபத்து.

உணவு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் போதும். புதிய ஊரின் பரோட்டாவும் பிரியாணியும் ஆட்டம் முடிந்த பிறகு.

பாதுகாப்பு: இதில் சமரசம் கிடையாது

2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கையோடு மைதானத்தில் சரிந்து இறந்துபோனார். நாட்டின் பெரிய போட்டி ஒன்றிலேயே அப்படி நடந்தது. உங்கள் ஆட்டம் சிறியது என்பதற்காக ஏற்பாடுகள் சிறியதாக இருக்கக் கூடாது. வலுவான அணியோடு ஆடும்போது உங்கள் பையன்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவார்கள், வழக்கத்தைவிடப் பலமாக மோதுவார்கள். அதனால்தான் இந்தப் பகுதி இந்த அத்தியாயத்தில் வருகிறது.

1. சீசன் தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா? வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஆமாம் என்றால், மருத்துவர் பார்த்து இ.சி.ஜி. எடுத்து எழுதிக் கொடுக்கும்வரை ஆட்டம் இல்லை.
2. உங்களோடு வருகிறவர்களில் இருவருக்காவது நெஞ்சை அழுத்தும் உயிர்காப்பு முறை தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சின் நடுவில், சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.
3. மைதானத்திலிருந்து மருத்துவமனைக்கு வழியை முன்பே பார்த்து வையுங்கள். திருச்சியில் புத்தூர் அரசு மருத்துவமனை. ஸ்ரீரங்கத்திலும் அரசு மருத்துவமனை உண்டு. ஆம்புலன்ஸ் நுழையும் கேட் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.
4. தலையில் அடிபட்டு, தடுமாறினாலோ கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. "பரவாயில்லை சார், நான் ஆடறேன்" என்று அவன் கெஞ்சினாலும் இறக்காதீர்கள். வாந்தி, தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனை.
5. வெயில் காலத்தில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் ஐஸ் பெட்டியும் உடன் வேண்டும். வியர்த்துக்கொண்டிருந்தாலும் சரி, உளறினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடியே ஆம்புலன்ஸை அழையுங்கள்.
6. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கலாம். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.
7. கோல் கம்பத்தை ஆட்டிப் பாருங்கள். தரையில் ஊன்றாத கம்பம் ஆளின் மேல் விழும். தொடங்கும் முன் மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் ஒருமுறை நடந்து கல், கண்ணாடிச் சில், குழி எல்லாவற்றையும் பாருங்கள்.
8. ஷின்கார்டு இல்லாதவன் உள்ளே போகக் கூடாது. விதியும் அதைத்தான் சொல்கிறது.

பெண்கள் அணிக்கு

திருச்சியில் ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமசுவாமி, காவேரி என்று பெரிய மகளிர் கல்லூரிகள் உண்டு. ஆனாலும் ஆடும் பெண்கள் அணிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஏணியின் படிகளும் குறைவு. உலகம் முழுக்கக் கையாளும் வழி ஒன்று இருக்கிறது: 15 வயதுக்குட்பட்ட பையன்களின் நல்ல அணியோடு ஆடுவது. 2017-இல் அமெரிக்கத் தேசிய மகளிர் அணியே டல்லாஸ் கிளப்பின் 15 வயதுக்குட்பட்ட பையன்களிடம் பயிற்சி ஆட்டத்தில் 5-2 என்று தோற்றது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பள்ளிப் பையன்களின் வேகத்துக்குப் பழகிவிட்டால் அடுத்த கல்லூரி அணியின் வேகம் மெதுவாகத் தெரியும். அந்தப் பள்ளியின் பொறுப்பாசிரியரையும் உங்கள் ஆசிரியை ஒருவரையும் கட்டாயம் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலே போக விரும்பும் பெண்களுக்குத் தமிழ்நாட்டிலேயே உயரமான படிகள் உண்டு. 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் சாம்பியன் தமிழ்நாடு. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. மதுரை நமக்கு மூன்று மணி நேரப் பயணத்துக்குள். அப்படிப்பட்ட கிளப்பின் இளையோர் அணியோடு ஒரு நாள் கூட்டுப் பயிற்சி கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை

பரிசுப் பணத்துக்காக நடக்கும் கிராமத்து செவன்ஸ் டோர்னமென்ட்டைக் கடினமான ஆட்டம் என்று எண்ணி ஒப்புக்கொள்வது. அங்கே காசுக்கு வந்த ஆட்டக்காரர்கள் இருப்பார்கள், மைதானம் சிறியது, மோதல் அதிகம். பதினொருவர் ஆட்டத்துக்கான பழக்கம் அதில் வராது, கணுக்கால் மட்டும் போகும்.

வெளி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய் மானத்தைக் காப்பாற்றுவது. உங்கள் மாணவன் வெளியே உட்கார, முன்னாள் மாணவன் ஆடினால் அந்த ஆட்டம் யாருக்கு?

தோற்ற அன்றே மைதானத்தில் நிற்கவைத்துத் திட்டுவது. அன்று சாப்பாடு, தூக்கம். பேச்சு மறுநாள்.

படி 7: ஆட்டத்துக்கு அடுத்த வாரம்

கடினமான ஆட்டத்தின் பலன் அதற்குப் பிறகு வரும் ஐந்து மாலைகளில்தான் இருக்கிறது. மறுநாள் ஓட்டம் வேண்டாம். உட்கார்ந்து, வாங்கிய ஒவ்வொரு கோலும் எங்கே தொடங்கியது என்று பையன்களையே சொல்லவிடுங்கள். பெரும்பாலும் கோல் விழுந்த இடத்துக்கு மூன்று பாஸ் முன்னால் தவறு இருக்கும். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று மாலை அதை மட்டும் பழக்குங்கள். எடுத்துக்காட்டாக, பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடியில் பக்கத்தில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்பது. நான்காம் மாலை தங்களுக்குள் ஓர் ஆட்டம். ஐந்தாம் மாலை ஓய்வு. நோட்டில் கோல் கணக்கோடு இவற்றையும் எழுதுங்கள்: எதிரணிப் பாதியில் எத்தனை முறை பந்தோடு நுழைந்தோம், கோலை நோக்கி எத்தனை ஷாட். அடுத்த கடினமான ஆட்டத்தில் இந்த எண்கள் ஏறினால் முடிவு 0-3 ஆக இருந்தாலும் அணி வளர்கிறது.

எதிரணியின் உடற்கல்வி இயக்குநரை இரண்டு நாள் கழித்து அழைத்து நன்றி சொல்லுங்கள். "எங்க பசங்ககிட்ட என்ன குறை சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அனுபவமுள்ள மனிதர் ஓசியில் தரும் அறிவுரை அது, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படியே உங்கள் மைதானத்துக்கு அவர்களை அழைக்கும் தேதியையும் பேசிவிடுங்கள்.

கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே மூன்று அணிகளுக்குக் கடிதம் போய்விட வேண்டும். ஒன்று பக்கத்துக் கல்லூரி, ஒன்று ஒரு படி மேலே, ஒன்று பெரியவர்களின் அணி. ஜூலை பாதிக்குள் இரண்டு தேதியாவது உறுதியாகிவிட்டால் ஆகஸ்டில் உங்கள் பையன்கள் களத்தில் இருப்பார்கள்.